நானே நேரில் நின்று

டோக்கன் பதினேழு உள்ளே போயிருந்தது.
போச்சம்பள்ளி சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி வாடகைக்கு
என் மேசையும் கம்ப்யூட்டரும்.
திம்மராயன் வில்லங்கச் சான்றை நீட்டினார்.
"முதல்வர்னு போட்டிருக்கான் பாரு என்னை.
கோட்டைக்கே போயிடலாம் போல."
ஒரு தடவை சிரித்தார்.
மறுபடி சிரிக்கவில்லை.

எழுதிக்கொடுத்தவர்: திம்மராயன், முதல்வர்.
மஞ்சுளா, முகவர்.
எழுதிவாங்கியவர்:
மஞ்சுளாவின் கொழுந்தன்.
ஒரு ஏக்கர் முப்பது சென்ட்,
நாற்பத்திரண்டு பெங்களூரா மரம்,
கிணற்றில் கால் பங்கு.
சிப்காட் வந்தபின் அந்தப் பக்கம்
சென்ட் என்ன விலை போகிறதென்று ஊருக்கே தெரியும்.
பத்திரத்தில் இருந்த விலைக்கு
ஒரு நல்ல பைக் வாங்கலாம்.
அந்தக் கிரயத்தை அடித்தவன் நானில்லை.
பவரை அடித்தவன் நான்.

அன்றைக்கு அவர் இடக்கண்ணில் பச்சைத் துணி.
"பட்டாவுக்கும் மோட்டார் சர்வீசுக்கும்
பொண்ணு அலையட்டும். எனக்கு முடியல.
அலையறதுக்கு ஒரு பேப்பர் எழுது."
என்னிடம் ஒரு ஃபைல் இருக்கிறது: பொது அதிகாரம், மாதிரி இரண்டு.
பேரை மாற்றினேன், வயதை மாற்றினேன்,
சர்வே நம்பரை இரண்டு முறை சரிபார்த்தேன்.
மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது:
விற்கவும், அடமானம் வைக்கவும்,
கிரயத்தொகை பெற்று ரசீது கொடுக்கவும்,
மேற்படி முகவர் செய்யும் சகல காரியங்களையும்
நானே நேரில் நின்று செய்ததாகப் பாவித்து
இதன்மூலம் சம்மதிக்கிறேன்.
அலையறது என்ற வார்த்தை
அதில் எங்கேயும் இல்லை.
கடைசி வரியில்,
வாசிக்கக் கேட்டு சரியென ஒப்பினேன் என்று இருக்கும்.
வாசிக்கவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

"லைன் கிளியர் தெரியுமா உனக்கு?" என்றார்.
முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர்.
"யார் பேர்ல வாங்கினமோ
அவனே வந்து திருப்பிக் கொடுக்கணும்.
பெத்த மகன் வந்து கேட்டாலும்
சப்ஸ்டேஷன்ல சுவிட்சைத் தொடமாட்டான்.
ஏன்னா மேல ஒருத்தன்
கம்பியைப் பிடிச்சிட்டு நிப்பான்.
இங்க எப்படிய்யா கரண்டை விட்டீங்க?"

இதற்கும் ஒரு தாள் இருந்தது, அதைச் சொன்னேன்.
பவரில் விற்கும்போது, பவர் கொடுத்தவர்
உயிரோடு இருக்கிறார் என்று
டாக்டர் சான்று தர வேண்டும்.
யோசித்தார்.
"சுகர் பாக்கணும்னு மத்தூருக்குக் கூட்டிட்டுப் போனாளே.
ரத்தம்கூட எடுக்கல.
நாக்கை நீட்டச் சொன்னாரு, பேர் கேட்டாரு,
நானும் சத்தமா சொன்னேன்."
வரும் வழியில் மகள்
இளநீர் வாங்கிக் கொடுத்தாளாம்.
அதையும் சொன்னார்,
அவள் பக்கம் சாட்சி சொல்வதுபோல.

முதலில் பவரை ரத்து செய்யலாம் என்றேன்.
விற்றது விற்றதுதான், அதற்குக் கோர்ட்டு.
கிருஷ்ணகிரியில் ஆர்டிஓவிடம்
முதியோர் சட்டத்தில் மனுவும் கொடுக்கலாம்.
"காசு எவ்வளவு ஆகும்?" என்றார்.
எனக்கு வேண்டாம் என்றேன்.
அது அவருக்குப் பிடிக்கவில்லை.
இருநூறு ரூபாயை எடுத்து
கீபோர்டுக்கு அடியில் செருகினார்.

எதிர்மனுதாரர் பெயர் கேட்டேன்.
ஜெராக்ஸ் மெஷின் நாலைந்து தாள் துப்பும்வரை
பதில் இல்லை.
"மஞ்சுளா. இனிஷியல் தி.
கல்யாணமாகியும் மாத்திக்கல.
அந்த எழுத்துலயும் நான்தான் நிக்கிறேன்,
அதை எப்படி ரத்து பண்ணுவ?"
அடித்தேன். தி, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி.

"இப்ப படி," என்றார். "முழுசா."
இருபத்திரண்டு வருஷத்தில்
யாருக்கும் முழுதாகப் படித்துக் காட்டியதில்லை.
இரண்டாம் பக்கத்தில் தொண்டை கட்டியது.
தண்ணீர் குடிக்க நிறுத்தினேன்.
அவர் விரல் அந்த வரியிலேயே இருந்தது,
நான் விட்ட இடத்தில்.