மேற்குக் கடல்

மாறுதல் உத்தரவில் ஒரே வரி.
மண்டபம் சரகம், அங்கிருந்து முக்கூர்த்தி.
படகுச் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
ரெயின்கோட் வாங்கிக்கொண்டு இன்னொரு கையெழுத்து.

அங்கே அட்டை என்றால் கடல் அட்டை.
டீசல் கேனுக்குள் ஒளித்துக் கடத்துவார்கள்.
பிடித்து, எண்ணி, எடைபோட்டு
உயிருள்ளதைத் தண்ணீரில் விடுவேன்.
இங்கே அட்டை
காலுறைக்குள் தானே வந்து என்னைப் பிடிக்கிறது,
எண்ணாமல், எடைபோடாமல்.
பெள்ளன் உப்பு முடிச்சால் ஒற்றி எடுக்கிறான்.
தூத்துக்குடி உப்பு.
"உங்க ஊர் அட்டை கடிக்காதா மேடம்?"
கடிக்காது பெள்ளன், வழக்குதான் கடிக்கும்.
நாலு வருஷமாய் ராமநாதபுரம் கோர்ட்டில்
நான் இன்னும் இரண்டாம் சாட்சி.

காலை ஆறரை. வரையாடு கணக்கெடுப்பு.
பங்கித்தப்பலுக்கு மேலே, மலை முடிகிற இடத்தில்
குப்புறப் படுத்திருக்கிறோம்.
கீழே ஒன்றுமில்லை, மஞ்சு.
ஏறுகிறது. பின்வாங்குகிறது.
பாறையில் மோதி நுரைக்காமல் திரும்புகிறது.
நான் வாயைத் திறக்கவில்லை.
மலையைக் கடல் என்று சொல்வதற்கா
அரசாங்கம் எனக்குப் பயணப்படி கொடுத்தது?
உப்பு நாறாதது எதுவும் கடல் இல்லை.

ஆனால் ஆவுளியாவையும் இப்படித்தான் எண்ணினோம்.
எஞ்சினை அணைத்துவிட்டு,
சேசுராயன் பீடியைக்கூட அணைத்துவிட்டு,
தாழைப் படுகைக்கு மேலே எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு
அது மூச்சுவிட வரும்வரை.
இரண்டு வருஷத்தில் ஐந்து தடவை.
அதில் ஒன்று
வலைத்தடம் பதிந்த கழுத்தோடு
கரைக்கு வந்தது.
அதையும் எண்ணிக்கையில் எழுதச் சொன்னார்கள்.

மஞ்சு கிழிகிறது.
ஒரு கொம்பு.
கரிய உடம்பில் நரைத்த முதுகு.
நிற்கவே இடமில்லாத பாறையில்
முட்டி முட்டிப் பால் குடிக்கும் குட்டி.
"பதினொண்ணு," என்கிறான் பெள்ளன்.
பன்னிரண்டு, என்கிறேன்.
திரும்ப எண்ணுவதற்குள் மூடிக்கொண்டது.
படிவத்தில் பதினொன்றை அடித்துப் பன்னிரண்டு எழுதி
அதையும் அடித்தேன்.

மழைவிட்ட நாளில் இங்கிருந்தே கடல் தெரியும் என்று
வந்த நாளாய்ச் சொல்லிக்கொண்டிருந்தான்.
தை மாதம் ஒரு சாயங்காலம் தெரிந்தது.
நிலம்பூர்க் காடுகளுக்கு அப்பால்
தகரத்தின் விளிம்பு மாதிரி ஒரு கோடு.
சூரியன் போய் அதில் விழுந்தது.
என் கடலில் அது எழும்.

இரண்டு கிலோமீட்டர் ஓடி வந்து கூட்டிப்போனவன்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.
"பெரிசுதான் பெள்ளன்," என்றேன்.