நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்

வேலூர் புதுப் பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துநர்
"ஆஆற்காட், ஆஆற்காட்" என்று கூவுகிறார்.
அந்த முதல் ஆவைத்தான்
மூன்று வாரமாக எழுதப் பார்க்கிறேன்.

ஐந்து கோடு.
ஈ என்று வைத்தால் மேலே நிற்கிறார்,
எஃப் என்று வைத்தால் கீழே.
இரண்டுக்கும் நடுவே
கீபோர்டில் ஒரு கறுப்புக் கட்டைகூட இல்லை.
அவரோ அங்கேதான் தொங்குகிறார்,
படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால்.

ஷார்ப் போட்டேன். ஃப்ளாட் போட்டேன்.
யாரோ கண்டுபிடித்த
திருப்பிப்போட்ட ஃப்ளாட்டையும் போட்டேன்.
பெனடிக்ட் வயலினில் சுத்தமாக வாசித்தான்.
அந்தச் சுத்தம்தான் தப்பு,
பஸ் கிளம்பவே இல்லை.

குடியிருப்பது காகிதப்பட்டறை.
வேலை, இசிஜி எடுப்பது.
"பேசாதீங்க. கையைத் தளர்த்தி வைங்க."
நொடிக்கு இருபத்தைந்து மில்லிமீட்டர்
ஓடும் ரோஜா நிறக் கட்டத்தாள்.
ஐந்து பெரிய கட்டம், ஒரு நொடி.
சுருள் தீரும்போது மிஞ்சும் வாலைக்
குப்பையில் போடுவோம்.

ஒரு நாள் போடவில்லை.
பென்சிலால் ஆவை வரைந்தேன்.
மூன்று கட்டத்துக்கு ஒரு சரிவு,
பாக்கை ஒதுக்கும் இடத்தில் சின்ன முண்டு,
பிறகு செங்குத்தாக ஒரு காட்.
மௌனத்துக்குக் குறி கிடையாது,
வெற்றுக் கட்டத்தை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

"யாருக்கு என்ன வியாதி?" என்றான் பெனடிக்ட்.
அஃப்ஸானா செல்லோவில் இழுத்தது ஒன்று,
அவன் வாசித்தது வேறொன்று.
எங்கிருந்து தொடங்கணும் என்று
என் கோடும் சொல்லவில்லை.
சண்டை போட்டேன்.
வீட்டுக்குப் போகும் வழியில்
வேறொரு வண்டி ஆற்காட்டுக்குக் கூவியது,
அது இன்னொரு ஆ.

மே மாதம்.
தாள்களை ஸ்கூட்டர் இருக்கைக்கடியில்
மறந்துவிட்டேன், காலையிலிருந்து மூன்று மணி வரை.
சூடு பட்டால் கறுக்கும் தாள் அது.
வெயிலும் தன் பங்குக்கு எழுதியிருந்தது,
பதினேழு தாளிலும்,
ஓரம் விடாமல்.

ஒத்திகைக்கு அதையே கொண்டுபோனேன்.
சாய்த்துப் பிடித்தால்
கறுப்பின்மேல் பென்சில் மட்டும் மினுங்கியது.
ஜன்னலோரம் தாளைச் சாய்த்துச் சாய்த்து
தெரிந்தவரை வாசித்தார்கள்.
தெரியாத இடத்தில் அஃப்ஸானா
வில்லை எடுக்காமல்
ஒரே நரம்பில் உறுமவிட்டு நின்றாள்,
கூட்டம் ஏறி முடியட்டும் என்பதுபோல.

பெனடிக்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.
"அடுத்ததையும்
வெயில்ல வச்சுட்டு வா."