ஏழு நிமிடம்

அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை என்று
நாள் குறித்தவள் ரைலி.
இன்னும் பனி இறங்கவில்லை, சாலைகள் கறுப்பாகவே கிடக்கின்றன,
ஓர் இரவு கணினி கண்ணயர்ந்தால்
ஔலு நகரம் வழுக்கி விழுந்துவிடாது என்றாள்.
சரிதான்.
அன்றுதான் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பும் இரவு என்பதை
இருவருமே மறந்திருந்தோம்.

நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள்.
உப்புக் கிடங்கை அளக்கிறது ஒன்று,
தாரின் குளிரைக் கேட்டு வருகிறது ஒன்று,
எந்த வண்டி எந்தத் தெருவை வழிக்க வேண்டுமென்று
விடியுமுன் ஓட்டுநர்களுக்குச் சொல்லியனுப்புகிறது கடைசி ஒன்று.
ஒன்று முடிந்தால்தான் அடுத்தது எழும்.
அவற்றை எழுப்புகிறவனைத்தான் மாற்றுகிறோம்,
இரண்டிலிருந்து மூன்றுக்கு.

பழையவனுக்கு ஒரு வழக்கம்:
இன்று ஓடும் வேலைக்கு நேற்றின் தேதியைச் சூட்டுவான்.
அது பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று,
பிறகு பால் டப்பாவின் தேதியைக்கூட
ஒருநாள் தள்ளியே வாசித்தேன்.
புதியவனுக்கு அந்தச் சொல்லே தெரியாது.
அதை உச்சரித்த நூற்று முப்பது கோப்புகளும்
சிவந்து விழுந்தன.

இன்னொன்று.
மூன்று நாள் படுத்துக் கிடந்து எழுந்தால்
விட்டுப்போன மூன்று நாளையும் வரிசையாய் ஓட்டித் தீர்ப்பான் பழையவன்,
வாசலில் கடன்காரன் நிற்பதுபோல.
சொன்னாலொழியப் புதியவன் செய்வதில்லை.
போனது போனதுதான்.
ரைலி இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, நல்லதுதான், என்றாள்.
எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

நான்கைத் தொட்ட கடிகாரம்
மறுபடி மூன்றானது.
ஒரே மணிநேரத்தில் இருமுறை தோற்றோம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது 'ஏழு' என்றொரு வேலை.
எதையும் படிக்காது, எதையும் எழுதாது,
ஏழு நிமிடம் சும்மா இருந்துவிட்டு
முடித்துவிட்டேன் என்று சொல்லும்.
அடியில் சம்ப்ஸாவின் குறிப்பு: கை வைக்காதே.

சம்ப்ஸா இந்த நாற்காலியை விட்டுப்
பனிவண்டி ஓட்டப் போய் ஐந்து குளிர்காலம்.
எழுப்பிக் கேட்டோம்.
ஆற்றுப்பாலத்து உணரி சோம்பேறி, பிந்தித்தான் பேசும்,
அதற்காகக் காத்திருந்தோம், என்றான்.
அதை மாற்றி நாலு வருஷம் ஆகிறதே, என்றாள் ரைலி.
கொட்டாவி மட்டும் கேட்டது.
அப்படியானால் எடுத்துவிடுங்கள்.

எடுத்தோம்.
நாலு வருஷத்து இரவுகளைப் பெருக்கிப் பார்க்கப் போனேன்,
பாதியில் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் பதினொன்றில் முதல் பனி.
இருட்டோடு அழைத்தான் சம்ப்ஸா, பின்னால் எஞ்சின் இரைச்சல்.
எடுக்கச் சொன்னது நான்தான், தெரியும்.
ஆனால் உத்தரவு வருமுன் ஒரு காபி குடிப்பேன்,
இத்தனை வருஷமாய்.
இன்றைக்குப் பாதிக் கோப்பையிலேயே வந்துவிட்டது.

ரைலி திரையைப் பார்த்தாள்.
மேலிருந்து கீழ்வரை பச்சை.
ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிக்கொள், என்றாள்.