இரண்டாம் கியர்

உள்ளதைச் சொல்லித்தான் விற்கிறேன்.
எழுபத்து மூன்றாம் வருஷத்து டட்சன் பிக்கப்.
இடது கதவு கயிற்றில் நிற்கிறது.
ஓட்டுபவர் கால் வைக்கிற இடத்தில் ஓட்டை,
பிஸ்கட் தகரத்தை வெட்டி அடைத்திருக்கிறேன்,
படம் மேலே தெரிகிற மாதிரி.
பின்னால் மீன் வாடை. மழை பெய்தால் கூடும்.
மாதம் ஒருதரம் பேட்டரி போட்டு முடுக்குவேன்:
மூன்று முறை இருமும், நாலாவதில் பேசும்.
ஆனால் நகராது. கிளட்ச் எரிந்தது எரிந்ததுதான்.

ஈப்போவிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் வரைக்கும்
இதற்காகவே வந்தான் கெங் வாய் என்கிற பையன்.
வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.
துருவை மட்டும் கிட்டப் போய்ப் படம் எடுத்தான்,
குழந்தைக்குப் பல் முளைத்ததை எடுப்பது போல.
போன வாரம்தான் நூற்றிருபது வெள்ளி கொடுத்து
வலது கதவுக்குப் புது நீலம் அடித்திருந்தேன்.
அதைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தான்.
"ஆன்ட்டி, இதைச் சுரண்ட எனக்கு ஐந்நூறு ஆகும்."
என் காசைப் போட்டு
என் விலையையே குறைத்திருக்கிறேன்.

ஒன்பதாயிரம் என்றான். பதினொன்று என்றேன்.
பத்தில் வந்து நின்றோம்.
அப்புறம் கேட்டான்:
"பத்திரம் யார் பேரில்?"

எண்பத்தெட்டில் என் கையில் சிவப்பு அடையாள அட்டை.
பிறந்தது இதே தோட்டத்து ஏழாம் நம்பர் லயம்,
அதைச் சொல்ல ஒரு தாள் இல்லை.
சிவப்புக்குக் கடன் கிடையாது என்றான் கம்பெனிக்காரன்.
குஞ்சரத்திடம் நீலம் இருந்தது.
அவள் பேரில் வண்டி, என் காலில் கிளட்ச்.
விடியலில் இருவருக்கும் பால்மரம்,
மத்தியானம் மீனும் கீரையும் ஏற்றி
எட்டுத் தோட்டம், பதினைந்து வருஷம்.
லாபம் பாதிப் பாதி.
சண்டை மட்டும் ஆளுக்கு ஒன்று முழுசாக.

அன்றைக்கு அவள் ஓட்டினாள்.
பாலத்து மேட்டில்
மிதித்த காலை எடுக்கவே இல்லை.
(முதல் நாளே நான் எரித்துவிட்டேன் என்பாள்.
கேட்டுப் பாருங்கள்.)
வண்டி என் வாசலில் தங்கிவிட்டது,
பத்திரம் அவள் பீரோவில்.
இரண்டு சடக்கு தள்ளித்தான் அவள் வீடு.
பத்தொன்பது வருஷமாக, மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால்
நல்ல வெங்காயத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

எண்ணைப் பையன்தான் அழுத்திக் கொடுத்தான்.
"வண்டிக்கு ஆள் வந்திருக்கு."
அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்து முடிந்தது.
"எவ்வளவு?"
"பத்து."
"எப்ப வரணும்?"

தெலுக் இந்தான் ஜே.பி.ஜே., வரிசை எண் அறுபத்தேழு.
குஞ்சரம் கண்ணாடியில் பெருவிரலை வைத்தாள்.
இயந்திரம் சிவப்பு காட்டியது.
துடைத்து வைக்கச் சொன்னாள் முகப்பில் இருந்த பெண்.
சிவப்பு. அடுத்த கை. சிவப்பு.
பால் வெட்டி, திராவகத்தில் கைவிட்டு, செதில் உரித்து,
ரேகை எப்போதோ இறங்கிப் போய்விட்டது.
நான் என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.
அதை யாரும் கேட்கவில்லை.

வேறு பாரம் எழுதி, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள்.
எதிர்க் கடையில் பையன் மூன்று தேத்தண்ணி சொல்லிவிட்டுக்
காசு கொடுக்கப் போனான்.
குஞ்சரம் தன் கோப்பையைப் பார்த்துப் பேசினாள்:
"ரெண்டாவது கியர் தானா கழண்டுக்குமே. சொன்னியா?"
"இல்ல."
"இறக்கத்துலதான் கழலும்."
"இறக்கத்துல மட்டுந்தான்."
"பதிமூணு கேட்டிருக்கணும் நீ."

பையன் வந்து உட்கார்ந்தான்.
"தம்பி" என்று ஆரம்பித்தாள்.
மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.
மிதித்த காலை எடுக்கவில்லை.