இரண்டாம் தசம இடம்

எண்ணூரில் இறங்கும்போதே
மடிக்கணினியில் விடை இருந்தது:
ஒன்று புள்ளி நான்கு ஒன்று.
கப்பல் வழியைப் பதினெட்டு மீட்டருக்குத் தோண்டினால்
போடும் ரூபாய்க்கு
ஒரு ரூபாய் நாற்பத்தொரு காசு திரும்பும்.
பெரிய கப்பல் வரும், நிலக்கரி மலிவாய் வரும்,
வெளியே நங்கூரமிட்டுக் கிடக்கும் மணிகள் குறையும்.
காத்திருக்கும் கப்பலுக்கு
மணிக்கு இத்தனை டாலர் என்று ஒரு விலை உண்டு.

நிரம்பாதது ஒரே ஒரு வரி.
இதர இழப்பு: மீன்பிடி.
அதற்குத்தான் என்னை அனுப்பினார்கள்,
மூன்று நாள் படியோடு.

ஏலக் கொட்டகையில் துளசிங்கம்
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.
"இன்னா கணக்கு சார்?"
ஒரு நாளைக்கு இறால் எத்தனை கிலோ,
நண்டு எத்தனை, விலை என்ன.
"யாரோட நாளைக்கு?"

ஆற்றில் இடம் கொஞ்சம், வலை அதிகம்.
அதனால் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
முறைக்குப் பாடு என்று பேர்.
இன்று இந்தப் பத்து வீடு, நாளை அடுத்த பத்து.
பாடு இல்லாதவன் கரையில் கிழிசல் பொத்துகிறான்.
என் படிவத்தில்
'நாளொன்றுக்கு' என்றொரு கட்டம் இருந்தது.
அதற்குள் பாடு நுழையவில்லை.

"வார்ற மிஷினு பதினோரு நாள் நின்னுச்சு.
பதினோரு பாடு போச்சு.
போனவன் அடுத்த பாட்டைக் குடுன்றான்,
இருக்கறவன் எதுக்குன்றான்.
ராவெல்லாம் கூட்டம்.
எத்திராஜும் அவன் மச்சானும்
இன்னும் பேசிக்கறதில்ல.
அதுக்கு எத்தினி போடுவ?"

பிறகு அவரே சொன்னார்:
"வாரவே கூடாதுன்னு சொல்லல சார்.
ஆத்து வாய வாருன்னு
நாலு வருசமா மனு குடுக்கறோம்.
வாய் அடைச்சா குஞ்சு உள்ள வராது.
அங்க வாரக் காசில்ல.
இங்க வாரினா கப்பல் வருது."

முகத்துவாரத்தை வாரினால்
யாருக்கு எவ்வளவு லாபம் என்று
என்னிடம் யாரும் கேட்கவில்லை.
அதையும் குறித்துக்கொண்டேன், பின்னட்டையில்.

கன்னியம்மாவுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
சேற்றில் கையால் துழாவி இறால் எடுப்பவர்.
மீட்டர் கணக்கைப் படித்துக் காட்டினேன்.
தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.
"எனக்கு ஆறு இவ்ளோதான்.
அதுக்கு மேல போனா கப்பலோடது."
கிளம்பும்போது கேட்டார்,
நான் சொல்வதை எல்லாம் எழுதுகிறேனா
அல்லது தலையை மட்டும் ஆட்டுகிறேனா என்று.

தண்டையார்பேட்டை லாட்ஜில்
மின்விசிறி ஓடியும் வியர்த்தது.
பன்னிரண்டு சதவீதக் கழிவு என்பது விதி.
பத்தாம் வருடத்து ஒரு ரூபாய் இறால்
இன்றைக்கு முப்பத்திரண்டு காசு.
முப்பதாம் வருடத்து நண்டு மூன்று காசு.
எண்கள் செய்யும் வேலை அது,
வருகிற பிள்ளைகளை
ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சிறிதாக்குவது.

அன்றிரவு நான் நேர்மையாக இல்லை.
இறால் விலையைத் தீபாவளி விலையாக்கினேன்.
கன்னியம்மாவின் இடுப்பளவு ஆற்றை
முழுசாய் நஷ்டத்தில் எழுதினேன்.
எத்திராஜின் மச்சானுக்கும்
வெட்கத்தோடு ஒரு தொகை போட்டேன்.
எல்லாவற்றையும் இரட்டித்தேன்.
என்டரைத் தட்டினேன்.

ஒன்று புள்ளி மூன்று ஒன்பது.

ஒரு குப்பமே சேர்ந்து தள்ளி
அவ்வளவுதான் நகர்ந்தது.

காலையில் கிண்டியிலிருந்து மேலாளர்:
"அறிக்கையில ஒரு தசமம் போதும்ப்பா,
ரவுண்ட் பண்ணிடு."
பண்ணினேன்.
ஒன்று புள்ளி நான்கு.
போனபோதும் அதுதான், வந்தபோதும் அதுதான்.

மாலை கணக்குப் பிரிவிலிருந்து இன்னொரு அழைப்பு.
என் பயணப் படியில்
திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை
ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்,
ரசீது எங்கே என்று.