மூன்றாவது வரி

டீசல் பில்லின் முதுகில்
கடவுச்சொல்லை எழுதி நீட்டினாள் சௌந்தரவல்லி:
மகள் பெயர், பிறந்த வருஷம், கடைசியில் ஒரு நட்சத்திரம்.
"இத வச்சுப் பாத்துக்கங்க சார். வண்டி நிக்குது, போவணும்."

கோட்டூர்ப் பக்கம் மூன்று பெல்ட் வண்டி அவளுக்கு.
தை பிறந்துவிட்டால்
யார் வயல், எத்தனை மா, தரை காய்ந்ததா,
ஆத்தூரிலிருந்து வந்த டிரைவர் சாப்பிட்டானா,
எல்லாம் அவள் போனுக்குள்.
அதைப் படித்து, நாள் குறித்து,
வயல்காரருக்குச் செய்தி அனுப்ப
ஒரு ஏஐ செய்துகொண்டிருந்தேன்
மன்னார்குடியில், உரக்கடை மாடியில்,
யூரியா வாடை படியேறி வரும் அறையில்.

பில்லை நான்காகக் கிழித்தேன்.
"இது வேணாங்க. மெயில் கம்பெனிகிட்ட நீங்களே சொல்லுங்க.
அவங்க எனக்கு ஒரு டோக்கன் தருவாங்க.
அதுல எழுதினதுக்கு மட்டும் கதவு திறக்கும்."

"நெல்லு போட கொள்முதல் நிலையத்துல குடுப்பாங்களே, அப்படியா?"

"அப்படித்தான். ஒரு மணி நேரத்துல செத்துடும்.
புதுசு வாங்க இன்னொண்ணு இருக்கு,
அத நான் பூட்டி வைக்கணும்."

சிரித்தாள்.
"எங்க மாமன் பேர்ல எடுத்த டோக்கன்லதான்
போன வருஷம் வியாபாரி மூட்டை ஏறுச்சு.
கையில வச்சிருக்கவன் யாருன்னு
எவன் சார் பாக்கறான்?"

உண்மை. இங்கேயும் பார்ப்பதில்லை.
யார் கையில் இருக்கிறதோ அவன்தான் சௌந்தரவல்லி.

அனுமதிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.
எல்லோரும் கட்டைவிரலால் தள்ளிவிடும் பக்கம்.
அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.
உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்க.
உங்கள் பெயரில் அனுப்ப.
நிரந்தரமாக அழிக்க.

"அழிக்க எதுக்கு?"

கீழே மூட்டை இறக்கும் சத்தம்.
என்னிடம் பதில் இல்லை.
இரவு பதினொன்றுக்கு, அனுமதிகளின் நீண்ட பட்டியலில்
எல்லாம் அடங்கிய ஒன்றைத் தொட்டிருந்தேன்.
மூன்றைத் தேடுவதைவிட
ஒன்றைத் தொடுவது சுலபம்,
அவ்வளவுதான் காரணம்.

அவள் 'வேண்டாம்' அழுத்திவிட்டுப் படியிறங்கினாள்.
பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது:
பயனர் மறுத்துவிட்டார்.

அன்றிரவு முதல்முறையாக யோசித்தேன்.
யாரோ அனுப்பும் விளம்பரக் கடிதத்துக்குள்
'பழையதையெல்லாம் துடை' என்று
வெள்ளைமேல் வெள்ளையாக ஒரு வரி ஒளிந்திருந்தால்
என் ஏஐ அதையும் படிக்கும். கீழ்ப்படியும்.
இரண்டாம் வண்டிக் கடன் முடிந்ததற்கு வங்கி தந்த கடிதம்,
மகளின் ஸ்கேன் ரிப்போர்ட், எல்லாம் போனபின்
'முடித்துவிட்டேன், வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?'
என்று மரியாதையாகக் கேட்கும்.

பிரித்தேன். இரண்டு நாள் ஆயிற்று.
அழிப்பதை எடுத்தேன்.
அனுப்புவதைத் தனியாக வைத்தேன், தேவைப்பட்டால் கேட்க.
புதுப்பிக்கும் டோக்கன்
சும்மா ஒரு கோப்பில் கிடந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.
(அதை அவளிடம் சொல்லவில்லை.)

வடபாதிமங்கலம் வரப்பில் நின்று,
பின்னால் வண்டி உறும, அனுமதித்தாள்:
படிக்கலாம். நாட்காட்டி பார்க்கலாம்.
அனுப்புவதில் டிக் வைக்கவில்லை.
"நீங்க எழுதி வைங்க. அனுப்புறத நான் பாத்துக்கறேன்."

நாற்பத்தொரு செய்தி எழுதியது அந்தப் பருவத்தில்.
'தங்கள் வயலுக்கு நாளை வருகை தருவோம்' என்றிருந்ததை
அழித்துவிட்டு அவள் அனுப்பியது:
அண்ணே பனி விட்டதும் வந்துர்றேன் தார்ப்பாய் எடுத்து வைங்க.

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி
சிவப்பு எழுத்து: டோக்கன் செல்லாது.
அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டாள்.
போன் இல்லை, சண்டை இல்லை,
வண்டிகள் லாரியேறி வடக்கே போயிருக்கும்.
என் பக்கத்திலும் அழிந்ததா என்று இரண்டு முறை பார்த்தேன்.
அழிந்திருந்தது.
பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் போய் டீ குடித்தேன்.

கார்த்திகையில் அவளிடமிருந்து செய்தி:
சார் அந்தப் பக்கத்த அனுப்புங்க.
படிச்சிட்டுச் சொல்றேன்.