கடைசிப் பண்பு

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டு மேலே
ரிக் வண்டி ஆபீஸ்.
எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில்
யாரும் கூப்பிடாமலே வந்து குடியிருந்தன
நாலு மஞ்சள் பெட்டிகள்.

மியூசிக், காலி.
பிக்சர்ஸ், காலி.
வீடியோஸ், அதுவும்.
த்ரீ டி ஆப்ஜெக்ட்ஸ் என்றால் என்னவென்று
செஞ்சவனுக்காவது தெரியுமோ என்னமோ.

எனக்கு வேண்டியது பில்லும் டீசல் கணக்கும்.
அதை எடுக்கப் போகும்போதெல்லாம்
இந்த நாலையும் தாண்டித்தான் போகணும்,
பந்திக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு
"என்னைத் தெரியுதா கண்ணு" என்கிற
சொந்தக்காரர்களைத் தாண்டுவது போல.

அழித்துப் பார்த்தேன். போனது.
அப்டேட் முடிந்த காலையில்
வட்டிக்காரர் மாதிரி
அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

வண்டியெல்லாம் சத்தீஸ்கர் பக்கம் போயிருந்த
ஓர் ஐப்பசி மத்தியானம், போனும் அடிக்காத நேரம்,
வலது பக்கம் அழுத்தினேன்.
பண்புகள் என்றொரு சன்னல் திறந்தது.
அளவு. இருப்பிடம். பிறந்த நாள்.
எல்லாவற்றுக்கும் கீழே, கடைசிப் பண்பாக,
மறைந்திருத்தல்.

ஒரு டிக். இன்னொன்று. இன்னும் ரெண்டு.
நெம்ப நாள் கழித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்ட மாதிரி
இருந்தது திரை.

தை மாதம் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது.
இடம் இல்லை என்றது.
"எதையாச்சும் அழிச்சுத் தொலையம்மிணி"
என்று முதலாளி செங்கோட்டுவேல்
போனைக் காதில் வைத்தபடியே சொன்னார்.
அந்தப் பக்கம் முத்தூர் குழந்தைசாமி.
மூணு மாசமாய் அதே சண்டை:
எண்ணூத்தி நாப்பது அடி போடவே இல்லீங்க,
அறுநூறோட நிறுத்திட்டு எச்சா பில்லு போட்டுட்டீங்க.

மறைந்ததைக் காட்டு என்றேன்.
நாலும் வந்தன, வெளுத்துப் போய்.
மூணு இன்னமும் காலி.
வீடியோஸ் மட்டும்
இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி.

கேமரா மாரப்பன் வாரம் ஒருக்கா வந்து
ஒயரை மாட்டி
"ஏத்தியாச்சுங்க" என்று போவான்.
எங்கே ஏறுகிறது என்று நான் கேட்டதில்லை.
பெட்டியை மறைத்தது எனக்கு;
கேமராவுக்கு அல்ல.

திறந்தேன்.
குழிக்குள் இறங்கும் வெளிச்ச வளையம்.
சத்தமில்லை. ஓரத்தில் அடிக்கணக்கு.
நாற்பது வரைக்கும் பைப்பு, அப்புறம் பாறை,
சாம்பல் நிறம், அங்கங்கே ரோஸ் கீற்று.
ஒன்றில் நானூற்றுப் பத்தில்
சுவர் வியர்த்து, சொட்டி, ஓடியது.
பத்தில் ஏழு
கடைசி வரைக்கும் வேர்க்கவே இல்லை.

முத்தூர், கார்த்திகை பன்னிரண்டு.
இறங்குவதற்கு முன்னால்
கேமரா அண்ணாந்து பார்த்துக் கிடக்கிறது.
வட்டமாய் வானம்.
எலுமிச்சம்பழம் வைத்த ஒரு கை.
அப்புறம் ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது,
பல்லெல்லாம் தெரிய.
தண்ணியே வந்துவிட்ட மாதிரி.

அங்கிருந்து கீழே.
அறுநூறு தாண்டியது. எழுநூறு.
எண்ணூற்று முப்பத்தெட்டில்
புழுதி கிளம்பி வெளிச்சத்தை மூடியது.
அவ்வளவுதான்.

"தாட்டி விடு அந்த ஆளுக்கு" என்றார் முதலாளி.
முழுசாய் அனுப்பினேன்.

பொழுதோடத்தான் கூப்பிட்டார்.
"ஏனுங்க, பாத்தனுங்க.
மாசி கடைசில பணம் தந்தர்றேன்.
ஒண்ணு மட்டும்...
மொதல்ல நான் சிரிச்சுட்டு நிக்கறனுங்கல்ல,
அதை அழிச்சுப் போட்டுர்றீங்களா?
உங்காபீஸ்ல நாலு பேர் பாப்பாங்க."

சரிங்க என்றேன்.
அந்தப் பதினோரு விநாடியை நறுக்கினேன்.
அழிக்கக் கை வரவில்லை.
மியூசிக்கில் போட்டு
வலது பக்கம் அழுத்தி
கடைசிப் பண்பில் ஒரு டிக்.